பேரிடர்க் காலத்தில் செயற்கைக் கோள்கள்: கொச்சிக் கடற்கரை தரும் பாடம்

மட்டாஞ்சேரிக்கும் வெல்லிங்டன் தீவிற்கும் இடையே கப்பல்கள் செல்லும் கால்வாய் ஒன்று உண்டு. மிளகும் சுக்கும் ஏலமும் அடுக்கி வைக்கப்பட்ட பழைய பண்டகசாலைகள் அதன் கரையில் வரிசையாக நிற்கின்றன. சற்றுத் தெற்கே, தோப்பும்படியில், கொச்சி மீன்பிடித் துறைமுகம் அமைந்துள்ளது. இத்துறையிலிருந்து ஆழ்கடலுக்குச் செல்லும் படகுகளில் கணிசமானவை கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களைச் சேர்ந்த தமிழ் மீனவர்களுடையவை. சுறாவும் சூரையும் தேடி இவர்கள் வாரக்கணக்கில் கடலில் தங்குவர். கரையிலோ, நிலம் கடல் மட்டத்தைவிட அதிகம் உயர்ந்ததன்று. வேம்பநாட்டுக் காயலும் பெரியாற்றின் கிளைகளும் ஊர்களுக்கிடையே புகுந்து செல்கின்றன.

இப்பிரதேசம் ஒன்பது மாதங்களுக்குள் இரண்டு பெரிய இயற்கை உற்பாதங்களைக் கண்டது. 2017-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயல் கடலில் இருந்தவர்களைத் தாக்கியது. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத வெள்ளம் கரையில் இருந்தவர்களைத் தாக்கியது. இரண்டின்போதும் பல நாட்டுச் செயற்கைக் கோள்கள் இப்பகுதியைக் கண்காணித்தன. இந்தியாவுக்கெனச் சொந்தமாகச் செயற்கைக் கோள்கள் பல இருக்க, பிற நாடுகளின் உதவி ஏன் வேண்டும் என்று மாணவர் வினவுவது உண்டு. இவ்வினா நியாயமானதே. நாடுகளின் நட்புறவு இதற்கு ஒரு காரணமாகலாம். ஆயினும் முதற்காரணம் எளிய கணக்கு ஒன்றில் அடங்கியுள்ளது.

கணக்கு

செயற்கைக் கோள்களில் நமக்கு வேண்டியவை இரு வகை. முதல் வகை, பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோ மீட்டர் உயரத்தில், பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றுவதால் ஒரே இடத்தின் மேல் நிலையாக நிற்பது போலத் தோன்றுவது. இந்தியாவின் இன்ஸாட் வரிசைக் கோள்கள் இத்தகையவை. இவை இமைக்காமல் பார்க்கும். ஆனால் மிகத் தொலைவிலிருந்து பார்க்கும். மேகக் கூட்டத்தின் நகர்ச்சியை அறிய இவை உகந்தவை. எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்பதை இவற்றால் அறிய இயலாது.

இரண்டாம் வகை, ஐந்நூறு முதல் எண்ணூறு கிலோ மீட்டர் உயரத்தில் இரு துருவங்களையும் அணுகி வடக்குத் தெற்காகச் சுற்றுபவை. இவை நுட்பமாகப் பார்க்கும். ஆனால் ஓரிடத்தில் நில்லா. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் ஸென்டினல்-1 என்னும் ராடார்க் கோளை எடுத்துக்கொள்வோம். அது 12 நாட்களில் 175 முறை பூமியைச் சுற்றிவிட்டுப் பழைய தடத்திற்குத் திரும்புகிறது. பூமத்திய ரேகையின் சுற்றளவு சுமார் 40,000 கிலோ மீட்டர். அதனை 175-ஆல் வகுத்தால், அடுத்தடுத்த தடங்களுக்கிடையே ஏறக்குறைய 229 கிலோ மீட்டர் இடைவெளி கிடைக்கும். கோள் ஒருமுறை செல்லும்போது படம்பிடிக்கும் பட்டையின் அகலம் சுமார் 250 கிலோ மீட்டர். ஆகவே பட்டைகள் சற்றே ஒன்றன்மேல் ஒன்று படிந்து, 12 நாட்களில் பூமி முழுவதையும் போர்த்திவிடுகின்றன. வகுப்பில் ஓர் ஆரஞ்சுப் பழத்தின்மீது நூலைச் சுற்றிக் காட்டி இதனை விளக்கலாம்.

இதே கணக்கில் ஒளிந்திருக்கும் ஒரு செய்தியையும் மாணவர் அறிதல் வேண்டும். தடங்கள் எல்லாம் துருவங்களை நோக்கிக் குவிகின்றன. ஆகையால் வடக்கே உள்ள ஸ்வீடன், நார்வே முதலிய நாடுகளின் மீது ஒரே கோளின் பட்டைகள் பலமுறை படிகின்றன. பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள நாடுகளுக்கு அந்தப் பேறு இல்லை. மட்டாஞ்சேரி ஏறக்குறைய 10 பாகை வட அட்சரேகையில் உள்ளது. கோள் வடக்கு நோக்கி ஏறும்போது ஒருமுறையும், தெற்கு நோக்கி இறங்கும்போது ஒருமுறையும் பார்த்தாலும், 12 நாட்களில் இரண்டு அல்லது அதைவிடச் சற்றுக் கூடுதலான வாய்ப்புகளே இவ்வூருக்குக் கிட்டும். புயலும் வெள்ளமும் மிகுந்த வெப்ப மண்டல நாடுகளையே செயற்கைக் கோள்கள் குறைவாகப் பார்க்கின்றன என்பது இயற்கை செய்த ஒரு சிறிய அநீதி எனலாம்.

பெரியாற்று வெள்ளத்தின் உச்சமோ இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் நீடிக்கவில்லை. ஒரே கோளை நம்பியிருந்தால், அது மேலே வரும் நாளில் வெள்ளம் வடிந்து போயிருக்கும் சாத்தியமே அதிகம். வெவ்வேறு தடங்களில், வெவ்வேறு நேரங்களில் செல்லும் பல கோள்கள் இருந்தால் மட்டுமே ஏதேனும் ஒன்று உரிய நாளில் உச்சியில் இருக்கும். அத்தனை கோள்களையும் ஒரே நாடு ஏவிப் பராமரித்தல் பெருஞ்செலவு. ஆதலின், உள்ளவற்றைப் பகிர்ந்துகொள்வதே அறிவுடைமை என்று நாடுகள் கண்டன.

மேகத்தைத் துளைக்கும் கண்

தடத்தின் கணக்கைத் தவிர மேகம் என்னும் தடையும் உண்டு. மழை பெய்யும் இடத்தில் மேகம் இருக்கும். மேகம் இருக்கும் இடத்தைச் சாதாரணப் புகைப்படக் கோள் காண இயலாது. அதாவது வெள்ளம் வரும் நாளிலேயே அது குருடாகிறது. 2018-ஆம் ஆண்டு வெள்ளத்தைப் பற்றிப் பலரும் கண்ட ஒரு ஜோடிப் படம் உண்டு. முதற்படம் அவ்வாண்டு பிப்ரவரி 6 அன்று அமெரிக்காவின் லாண்ட்ஸாட்-8 கோள் எடுத்தது. இரண்டாவது ஆகஸ்டு 22 அன்று ஐரோப்பாவின் ஸென்டினல்-2 கோள் எடுத்தது. குட்டநாடு முழுவதும் நீராகிக் கிடப்பதை இரண்டாவது படம் தெளிவாகக் காட்டுகிறது. ஆயின் அந்தத் தேதியைக் கவனியுங்கள். பெருமழை ஆகஸ்டு 15 முதல் 17 வரை பெய்தது. தெளிவான படம் கிடைத்ததோ வானம் வெளுத்த பின்னரே.

இக்குறையை நீக்குவது ராடார். அது தானே மின்காந்த அலையை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டு படம் வரைகிறது. ஸென்டினல்-1 பயன்படுத்தும் அலையின் நீளம் சுமார் 5.5 சென்டி மீட்டர். மேகத் துளியோ ஒரு மில்லி மீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுடையது. இத்துணைச் சிறிய துளி அத்துணை நீண்ட அலையைத் தடுப்பதில்லை. இரவும் பகலும் ராடாருக்கு ஒன்றே.

தண்ணீர் ராடார்ப் படத்தில் கருமையாகத் தெரியும். காரணத்தை ஆசிரியர்கள் எளிய சோதனையால் காட்டலாம். இருட்டறையில் தரைமேல் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து, பக்கத்தில் மணலைப் பரப்புக. கைவிளக்கைச் சாய்வாகப் பிடித்து இரண்டின்மேலும் ஒளியைப் பாய்ச்சி, விளக்கிற்கு அருகிலிருந்தே பார்க்கச் சொல்லுக. மணல் வெளிச்சமாகவும், கண்ணாடி இருளாகவும் தோன்றும். மணல் ஒளியை நாற்புறமும் சிதறடிப்பதால் ஒரு பகுதி நம் கண்ணுக்குத் திரும்புகிறது. கண்ணாடியோ முழுவதையும் மறுபுறம் வீசிவிடுகிறது. அமைதியான வெள்ளநீர் அக்கண்ணாடியைப் போன்றது. கண்ணாடியின் எதிரே ஒரு செங்கல்லை நிறுத்தி மீண்டும் பார்த்தால் வேறொரு விந்தையும் புலப்படும். அதற்கு இக்கட்டுரையில் பின்னர் வருவோம்.

2018 ஆகஸ்டு

2018-ஆம் ஆண்டு ஜூன் 1 முதல் ஆகஸ்டு 19 வரை கேரளத்தில் பெய்த மழை 2,346 மில்லி மீட்டர். வழக்கத்தைவிட 42 சதவிகிதம் மிகுதி. ஆகஸ்டின் முதல் 19 நாட்களில் மட்டும் வழக்கத்தைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் பெய்தது. ஆகஸ்டு 9 அன்று, 26 ஆண்டுகளுக்குப் பின்னர், இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி அணை மதகுகள் திறக்கப்பட்டன. பெரியாறு ஆலுவாவிலும் வட பரவூரிலும் கரை கடந்தது. நெடும்பாசேரி விமான நிலையம் நீரில் மூழ்கி, ஆகஸ்டு 15 முதல் 29 வரை மூடப்பட்டது. இடைக்காலத்தில் வெல்லிங்டன் தீவிலுள்ள கடற்படை விமானத் தளத்தில் பயணிகள் விமானங்கள் இறங்கின. மாநிலம் முழுவதும் நானூறுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். கடற்கரை ஊர்களின் மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றி உள்நாட்டிற்குக் கொண்டு சென்று ஆயிரக்கணக்கானோரை மீட்டதை நாடறியும்.

அவ்வேளையில் இந்தியாவிடம் என்ன இருந்தது? 2012-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஏவப்பட்ட ரிஸாட்-1 என்னும் நமது ராடார்க் கோள், வெள்ளம் வருவதற்கு முன்னரே பணி ஓய்ந்திருந்தது. அதற்கு ஈடாக வந்த இ.ஓ.எஸ்.-04 ஏவப்பட்டது 2022-ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான். ஆகவே கேரள வெள்ளம் வந்த வேளை, வெள்ளப் பரப்பை வரைவதற்கேற்ற அத்தகைய ராடார் நம்மிடம் இல்லாத இடைவேளையாக அமைந்தது. ஹைதராபாத்திலுள்ள தேசியத் தொலையுணர்வு மையம் ஐரோப்பாவின் ஸென்டினல்-1 முதலிய பிறநாட்டு ராடார்ப் படங்களைக் கொண்டே மேகத்தின் கீழிருந்த நீர்ப்பரப்பை வரைந்து தரவேண்டியிருந்தது. எந்த நாட்டிற்கும் இத்தகைய இடைவேளை நேரக்கூடும். ஸென்டினல் வரிசையிலேயே ஒரு கோள் 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் பழுதாகி, அதன் இடத்தை நிரப்பும் கோள் 2024-ஆம் ஆண்டு டிசம்பரில்தான் ஏவப்பட்டது.

இவ்வுதவியை ஒழுங்குபடுத்தும் ஏற்பாடுகளுள் தலையாயது, விண்வெளியும் பெரும் பேரிடர்களும் பற்றிய சர்வதேச சாசனம். 1999-ஆம் ஆண்டு வியன்னாவில் நடைபெற்ற ஐக்கிய நாடுகளின் விண்வெளி மாநாட்டில் ஐரோப்பிய விண்வெளி நிறுவனமும் பிரெஞ்சு விண்வெளி நிறுவனமும் இதற்கு வித்திட்டன. 2000-ஆம் ஆண்டில் கனடா சேர்ந்தது. அவ்வாண்டு நவம்பர் முதல் சாசனம் இயங்கத் தொடங்கியது. மூன்றாவது மாதத்திலேயே, 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தில் நிகழ்ந்த பூகம்பத்திற்காக அது இயக்கப்பட்டது. அப்போது இந்தியா அதில் உறுப்பினராகக்கூட இருக்கவில்லை. அதே ஆண்டில் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமும் அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகமும் சேர்ந்தன. பின்னர் அர்ஜென்டினா, ஜப்பான், சீனா, ஜெர்மனி, கொரியா, பிரேசில், ரஷ்யா முதலிய நாடுகளும் இணைந்தன. 2018-ஆம் ஆண்டு கேரள வெள்ளத்தின்போதும் இச்சாசனம் இயக்கப்பட்டது.

சாசனம் இயங்கும் முறை எளிது. உரிமை பெற்ற அதிகாரி ஒருவர், பேரிடரின் வகை, இடம், நேரம் ஆகியவற்றைக் குறித்து வேண்டுகோள் விடுக்கிறார். இத்தாலியிலுள்ள பிரஸ்காட்டி நகரில் இரவும் பகலும் விழித்திருக்கும் அலுவலர் அதனைப் பெற்றுச் சரிபார்க்கிறார். அடுத்து, உறுப்பு நிறுவனங்கள் முறைவைத்து ஏற்கும் அவசரப் பணி அலுவலர், அந்த இடத்தின்மேல் எந்தெந்தக் கோள் எப்போது செல்லும் என்று கணித்துப் படம்பிடிக்க ஏற்பாடு செய்கிறார். படங்கள் விலையின்றித் தரப்படுகின்றன. உறுப்பினர் அல்லாத நாடுகளும் விண்ணப்பித்துப் பயன் பெறலாம் என்று 2012-ஆம் ஆண்டு முதல் வழி திறக்கப்பட்டது. ஆசியாவில் ஜப்பானின் முயற்சியால் தோன்றிய ஸென்டினல் ஆசியா என்னும் மற்றோர் ஏற்பாடும் உண்டு. பெயர் ஒத்திருப்பினும் அது ஐரோப்பியக் கோள்களின் வரிசையைச் சேர்ந்ததன்று.

ஒன்றை மறத்தலாகாது. சாசனம் விபத்து நேர்ந்தபின் உதவுவது. முன்னெச்சரிக்கை தருவதற்கு ஏற்பட்டதன்று. மெல்ல மெல்ல வரும் வறட்சிக்கும், வெள்ளம் வடிந்தபின் நடக்கும் புனர்நிர்மாணத்திற்கும் அது பொருந்தாது.

படம் சொல்லாதவை

களப்பணியாளர் கையில் வந்து சேரும் வெள்ளப் படத்தில் நீலநிறம் தீட்டிய இடமெல்லாம் வெள்ளம், தீட்டாத இடமெல்லாம் மேட்டு நிலம் என்று கொள்ளுதல் பிழையாகும். கொச்சிப் பிரதேசத்தில் இப்பிழை நேர்வதற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

கண்ணாடிக்கு எதிரே செங்கல்லை நிறுத்திய சோதனையை இப்போது நினைவுகூர்வோம். கண்ணாடியில் பட்டு மறுபுறம் சென்ற ஒளி, செங்கல்லில் மோதி, வந்த வழியே ஓரளவு திரும்பிவிடுகிறது. கட்டிடங்களுக்கிடையே தண்ணீர் நின்றால் இதுவே நிகழும். மட்டாஞ்சேரியின் பஜார் வீதியும், யூதர் தெருவும், பண்டகசாலைகளுக்கிடையேயான சந்துகளும் மிகக் குறுகியவை. அங்கே முழங்காலளவு நீர் நின்றாலும் படத்தில் கருமை தோன்றாது. சுவர்களின் எதிரொலி அதை மறைத்துவிடும். வீடுகள் நெருங்கிய குடியிருப்புகள் படத்தில் உலர்ந்தவையாகத் தெரிவதை நம்பிப் படகு அனுப்பாதிருத்தல் ஆபத்தாக முடியும்.

தென்னந்தோப்புகளின் செய்தியும் இத்தகையதே. 5.5 சென்டி மீட்டர் அலை தென்னங்கீற்றுகளிலேயே சிதறிவிடுவதால், அடியிலுள்ள வீட்டு முற்றத்தில் நீர் இருப்பது தெரிவதில்லை. கேரளத்தின் வீடுகளில் எத்தனை தென்னை நிழலில் உள்ளன என்பதை எண்ணினால் இதன் முக்கியத்துவம் விளங்கும்.

மூன்றாவது காரணம் நேர்மாறானது. செல்லானம், கும்பளங்கி, ஏழிக்கரை முதலிய இடங்களில் பொக்காளி வயல்கள் உள்ளன. இவற்றில் மழைக்காலத்தில் உவர்ப்பைத் தாங்கும் நெல்லும், பின்னர் கோடைவரை இறாலும் விளைவிக்கிறார்கள். இவ்வயல்களில் தண்ணீர் நிற்பது வெள்ளத்தால் அன்று. அது அவற்றின் இயல்பு. வெளிநாட்டிலிருந்து படத்தை ஆராயும் நிபுணருக்குப் பொக்காளி என்றால் என்னவென்று தெரிய நியாயமில்லை. வெள்ளத்திற்கு முந்தைய படத்தோடு ஒப்பிட்டு, எப்போதும் நீர் நிற்கும் பரப்பைக் கழித்தபின்னரே உண்மையான வெள்ளப் பரப்பு கிட்டும். எது எப்போதும் உள்ள நீர், எது புதிதாக வந்த நீர் என்று சொல்லத் தக்கவர் உள்ளூர்க் கிருஷி அலுவலரும், கிராம அலுவலரும், பள்ளி ஆசிரியருமே ஆவர்.

ஆகையால் வெள்ளக் காலத்தில் களப்பணியாளர் செய்யத்தக்க மிகப் பயனுள்ள காரியம், நீர் எட்டிய உயரத்தைச் சுவரிலோ மின்கம்பத்திலோ குறித்து, இடத்தின் பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, மணி ஆகியவற்றை எழுதி வைப்பதாகும். மணியை எழுதாமல் விடுவது பலரும் செய்வது. ஸென்டினல்-1 போன்ற கோள்கள் உள்ளூர் நேரப்படி காலை ஆறு மணி, மாலை ஆறு மணி ஆகிய வேளைகளை ஒட்டியே மேலே செல்கின்றன. நண்பகலில் எடுத்த அளவும் காலை ஆறுக்கு எடுத்த படமும் முரண்பட்டால், வேலியேற்றமும் வேலியிறக்கமும் உள்ள இந்தக் காயற்கரையில் எது தவறு என்று தீர்ப்பது கடினம்.

ஒக்கி

வெள்ளத்தில் இருந்த குறை, காண்பதற்குப் போதிய கண்கள் இல்லாமை. ஒன்பது மாதங்களுக்கு முன் வந்த ஒக்கியில் கண்களுக்குக் குறைவில்லை. அந்தப் பெயரே வங்கமொழியில் கண்ணைக் குறிப்பது. வட இந்துமகா சமுத்திரத்தைச் சூழ்ந்த எட்டு நாடுகள் தந்த பொதுப் பட்டியலுக்கு வங்காளதேசம் அளித்த பெயர் அது. நமது இன்ஸாட்-3டி, இன்ஸாட்-3டி.ஆர். கோள்களும், ஐரோப்பா மேற்கு இந்துமகா சமுத்திரத்தின்மேல் நிறுத்தியிருந்த மெட்டியோஸாட்-8 கோளும் புயலைப் படம்பிடித்தன. கடற்பரப்பின் காற்று வேகத்தை நமது ஸ்காட்ஸாட்-1 கோளும் ஐரோப்பாவின் மெட்டாப் கோள்களும் அளந்தன. புதுதில்லியிலுள்ள வானிலைத் துறை இவ்வளவுகளைப் பெற்று, அண்டை நாடுகளுக்கும் சேர்த்துப் புயல் அறிக்கைகளை வெளியிடும் பிராந்திய மையமாகப் பணியாற்றுகிறது.

ஆனால் புயல் விரைந்து உருவாயிற்று. நவம்பர் 29 அன்று தாழ்வு மண்டலமாக இருந்தது, 30 அன்று காலை கன்னியாகுமரிக் கடற்பகுதியில் புயலாகி, டிசம்பர் 1 அன்று மிகக் கடும் புயலாக வலுத்தது. தோப்பும்படியிலிருந்தும் பிற துறைகளிலிருந்தும் பல நாட்களுக்கு முன்னரே புறப்பட்ட படகுகள் அப்போது நடுக்கடலில் இருந்தன. கைத்தொலைபேசி கரை மறைந்த சிறிது தூரத்தில் பயனற்றுப் போகும். படகிலுள்ள கம்பியில்லாக் கருவியின் குரல், பூமியின் வளைவு காரணமாகச் சில பத்துக் கிலோ மீட்டருக்கு மேல் எட்டாது. 36,000 கிலோ மீட்டர் உயரத்திலிருந்து பல நாடுகள் கண்ட செய்தி, கரையிலிருந்து இருநூறு கிலோ மீட்டர் தொலைவிலிருந்த தலைமை மாலுமிக்குப் போய்ச் சேரவில்லை. கேரள, தமிழ்நாட்டு மீனவர் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர் அல்லது காணாமற் போயினர். எத்தனை பேர் கடலில் உள்ளனர் என்ற கணக்கே பல நாட்கள் வரை திட்டமாகத் தெரியாமல், பட்டியல்கள் மாறிக்கொண்டே இருந்தன.

இந்த இடைவெளியை நிரப்பப் பின்னர் ஏற்பாடுகள் வந்தன. கேரள அரசு, இந்தியாவின் நாவிக் கோள்கள் வழியே செய்தி பெறும் கருவிகளை மீனவர்க்கு வழங்கியது. இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் 2019-ஆம் ஆண்டு அக்டோபரில் ஜெமினி என்னும் கருவியைக் கொணர்ந்தது. ககன் என்னும் நிலைநின்ற கோள் அமைப்பு வழியே எச்சரிக்கையைப் பெற்று, மாலுமியின் கைத்தொலைபேசிக்கு அவரது மொழியிலேயே அது தருகிறது. தமிழ்ப் படகிலும் மலையாளப் படகிலும் இப்போது ஒடிசா, வங்காளம், அஸ்ஸாம் மாநிலத் தொழிலாளரும் பணி செய்வதால் மொழி ஒரு சிறு விஷயமன்று. எனினும் இவ்விரண்டும் கரையிலிருந்து படகிற்குச் செல்லும் ஒருவழிச் செய்திக்கே உரியவை. படகிலிருந்து கரைக்கு அபயக்குரல் வர வேறு சாதனம் வேண்டும்.

அதற்குரியது காஸ்பாஸ்-ஸார்ஸாட் என்னும் அமைப்பு. சர்வதேச ஒத்துழைப்பில் இதைக் காட்டிலும் வியப்பான வரலாறு அரிது. 1979-ஆம் ஆண்டில் சோவியத் யூனியன், அமெரிக்கா, கனடா, பிரான்சு ஆகிய நான்கும் இதற்கு உடன்பட்டன. ஒருவர்மீது ஒருவர் அணு ஏவுகணைகளைக் குறிவைத்திருந்த காலம் அது. 1982 ஜூனில் சோவியத் கோளான காஸ்மாஸ்-1383 ஏவப்பட்டது. செப்டம்பரிலேயே கனடாவில் விழுந்த சிறு விமானத்தின் அபயக்குரலை அது கேட்டு, அதிலிருந்த மூவரைக் காப்பாற்ற உதவியது. இன்று 406 மெகாஹெர்ட்ஸ் அலையில் அபயக்குறி எழுப்பும் கருவி எந்நாட்டுடையதாயினும், எந்நாட்டுக் கோளாயினும் அதைக் கேட்கும்.

கோள் இடத்தை எவ்வாறு அறிகிறது என்பது பௌதிக ஆசிரியர்க்கு நல்லதொரு உதாரணம். ரயில் நம்மை நெருங்கும்போது ஊதலின் சுருதி உயர்ந்தும், கடந்து விலகும்போது தாழ்ந்தும் ஒலிக்கும். தாழ்ந்து பறக்கும் கோள் கருவியை நெருங்கி விலகும்போது, அது பெறும் அலையெண்ணும் அவ்வாறே மாறும். மாற்றம் நிகழும் தருணத்தையும் விரைவையும் கொண்டு கருவி இருக்குமிடம் கணிக்கப்படுகிறது. நிலைநின்ற கோளில் இந்த மாற்றம் இல்லாததால், அது குரலை உடனே கேட்டாலும் இடத்தைத் தானே அறியாது. கருவியே தன் இடத்தைக் குறியோடு சேர்த்து அனுப்ப வேண்டும்.

இந்தியாவின் கட்டுப்பாட்டு மையம் பெங்களூரில் உள்ளது. அது நம் நாட்டிற்கு மட்டுமன்றி இலங்கை, மாலத்தீவு, வங்காளதேசம், நேபாளம், பூடான், ஸெய்ஷெல்ஸ், டான்ஸானியா ஆகிய நாடுகளுக்கும் பணியாற்றுகிறது. மீனவர் படகிற்கென இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் இன்ஸாட் வழியே இயங்கும் அபயக்குறிக் கருவி ஒன்றையும் தனியே செய்துள்ளது. அதன் இரண்டாம் தலைமுறைக் கருவியில், குரல் கேட்டது என்னும் பதிற்செய்தி படகிற்குத் திரும்பி வரும் வசதி சேர்க்கப்பட்டுள்ளது. கவிழும் படகில் நிற்பவனுக்கு அந்தப் பதிலின் மதிப்பு எத்தகையது என்பதைக் கடலறிந்தவர் அறிவர்.

துறைமுகத்திற்குச் செல்லும் மீன்துறைப் பணியாளர் சில காரியங்களைத் தவறாது கவனித்தல் நலம். கருவியின் மின்கலம் உயிருடன் உள்ளதா, அது பூட்டிய பெட்டியில் இராமல் கைக்கெட்டும் இடத்தில் உள்ளதா என்று நேரில் பார்க்க வேண்டும். படகு கைமாறியிருந்தால் பதிவேட்டில் புதிய உரிமையாளரின் பெயரும் தொடர்பு எண்ணும் ஏற்றப்பட்டுள்ளனவா என்று கேட்க வேண்டும். உலகெங்கும் எழும் அபயக்குறிகளில் பெரும்பாலானவை தவறுதலாக எழுந்தவை. கழுவும்போதோ தூக்கிப் போடும்போதோ பொத்தான் அழுந்தியிருக்கும். பதிவேடு சரியாக இருந்தால் ஒரு தொலைபேசி அழைப்பில் உண்மை தெரிந்துவிடும். இல்லையேல் கடலோரக் காவல் படையின் கப்பலும் விமானமும் வீணே அலையும், அல்லது உண்மையான குரல் ஐயத்திற்குள்ளாகும். புறப்படும்போது படகில் உள்ளோர் பெயர்ப் பட்டியலைக் கரையில் விட்டுச் செல்லும் பழக்கமும் வேண்டும். கணக்கே இல்லாதவரைத் தேடுதல் எந்தக் கோளாலும் இயலாது.

கேரளக் கடற்கரைக்கு இத்தகைய கூட்டு முயற்சி புதியதன்று. கொச்சிக்குத் தெற்கே சுமார் 200 கிலோ மீட்டரில், தும்பா என்னும் மீனவக் கிராமத்தில், 1963 நவம்பர் 21 அன்று மேலெழுந்த முதல் ராக்கெட் அமெரிக்கா தந்தது. அதில் சென்ற சோடிய ஆவிக் கருவி பிரான்சினுடையது. 1968-ஆம் ஆண்டில் அத்தளம் ஐக்கிய நாடுகளுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அங்கே கருவிகளை வாங்கிப் பயன்படுத்திய நாடு, 2025 ஜூலை 30 அன்று அமெரிக்காவுடன் சரிபாதிப் பங்காளியாக நைஸார் என்னும் ராடார்க் கோளை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவியது. அதிலுள்ள இரண்டு ராடார்களில் ஒன்று நமது, மற்றது அமெரிக்காவினுடையது. அமெரிக்க ராடாரின் அலைநீளம் சுமார் 24 சென்டி மீட்டர் ஆகையால், தென்னங்கீற்றுகளை ஊடுருவி அடியிலுள்ள நீரை ஓரளவு காணும் ஆற்றல் அதற்கு உண்டு. அதுவும் 12 நாட்களுக்கு ஒருமுறையே பழைய தடத்திற்குத் திரும்பும். மட்டாஞ்சேரியின் சந்துகளில் நிற்கும் நீரை அதுவும் எளிதில் காணாது. அங்கே சுவரில் இடும் குறியும், அதன் பக்கத்தில் எழுதும் மணியும் இன்னும் தேவைப்படும்.